புதைத்த பிஸ்கட்

சொட்டு விழுது. இன்னொரு சொட்டு. கண்ணாடிக் குழாய் நெடுக வெள்ளைத் தூளை அடைச்சு மேல பூனைக்காலி விதைச் சாறை ஊத்தியிருக்கு. அது தூளுக்குள்ள இறங்கி இறங்கி, மேல மஞ்சளா ஒரு வளையம், கீழ பழுப்பா ஒரு வளையம்னு பிரிஞ்சு, அடியில சொட்டுச் சொட்டா விழுது. சோதனைக் குழாய் நிறைய நிறைய நான் மாத்தி வைக்கணும், அவ்வளவுதான் வேலை. ஒரு பேராசிரியை செய்யுத வேலையா இதுன்னு கேட்டா, இல்ல. ஆராய்ச்சி மாணவன் மதார் எலிக் கூடத்துக்குப் போயிருக்கான், என்கிட்டப் படிச்சு இப்பம் கூடவே பாடம் எடுக்குத எஸ்தருக்கு வகுப்பு, தண்ணி கேன் தூக்கப் போன லேப் உதவியாளர் பேச்சிமுத்து எந்த டீக்கடையில நிக்காரோ. அதனால செண்பகவடிவு ஆகிய நான், மருந்தியல் துறைத் தலைவி, சொட்டுக்குக் காவல். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இங்கனதான். நல்லதுக்குத்தான், யார் முகத்தையும் பாக்க வேண்டாம். ஆனா ஒவ்வொரு சொட்டுக்கும் காலையில நடந்ததுதான் திரும்பத் திரும்ப வருது. மதார் அந்தக் கந்தக மருந்தைக் கை தவறிச் சிந்திட்டான். அழுகின முட்டையும் கேஸ் சிலிண்டரும் சேந்தாப்புல ஒரு நாத்தம் வருமே, அது. துளிதான் சிந்துச்சு. எஸ்தர் "அய்யோ ஆண்டவரே"ன்னு சேலைத் தலைப்பை மூக்குல அமுக்கிக்கிட்டு வெளிய ஓடினா. பேச்சிமுத்து ஜன்னலை எல்லாம் படபடன்னு திறந்தார். நான் உக்காந்து குழாய்க்கு லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தேன். எதுக்கு ஓடுதாங்கன்னு நிமிந்து பாத்தேன். பாத்த பொறவுதான் புரிஞ்சுது, புரிஞ்ச பொறவுதான் தலைப்பை எடுத்து மூக்குல வச்சேன். கொஞ்சம் லேட். ரொம்ப இல்ல. "மேடத்துக்குக் கல்லு மூக்குலா"ன்னார் பேச்சிமுத்து. "இந்த நாத்தத்தோடதானே இத்தனை வருசம் குடும்பம் நடத்துதேன், பழகிப்போச்சு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல பதில். பொய் சொல்லும்போது மட்டும் எனக்கு இப்படிச் சட்டுன்னு பதில் வருது.

நாறலை. அவ்வளவுதான் விசயம். கொஞ்சமா நாறுச்சு, தூரத்துல நாறுச்சுன்னு சமாதானம் சொல்லிக்கிட வழியே இல்ல, சுத்தமா நாறலை. சாதாரண மனுசிக்கு மூக்கு அடைச்சா ஆவி பிடிச்சிட்டு அடுத்த வேலையைப் பாப்பா. நான் பாக்க முடியாது, எதுக்குன்னா வருசா வருசம் பிள்ளைகளுக்குப் போர்டுல எழுதிப் போடுதது நான்தான். நடுக்குவாதத்துல, அதான் பார்க்கின்சன்ல, கை நடுங்குதது கடைசியில வாற விருந்தாளி, மூக்குதான் முதல்ல போகும், பல வருசம் முன்னாலயே போகும், போனது போனவங்களுக்கே தெரியாது. அப்படிச் சொல்லிட்டு, மூக்கு போனவங்க எல்லாருக்கும் நடுக்குவாதம் வரும்னு எழுதி வச்சிராதீங்க, சளியில போகும், சதை வளந்தா போகும், வயசுல போகும்னும் சொல்லுவேன். அந்த ரெண்டாவது வாக்கியத்தைத்தான் காலையில இருந்து வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்கேன். எனக்குச் சளி இல்ல. தலை பாரம் இல்ல. வயசு இருக்கு, அம்பத்தி மூணு, அதெல்லாம் மூக்கு போற வயசா. கொரோனாவுல ஒரு தடவை போச்சு, அப்பம் பயப்படவே இல்ல, ஊருக்கே போச்சு, எனக்கும் போச்சு. அப்பம் முதல்ல திரும்பி வந்தது பெருங்காயம். சாம்பார் கொதிக்கும்போது திடுதிப்னு வந்துச்சு, கரண்டியோட நின்னு எஸ்தருக்குப் போன் போட்டேன், "ஏட்டி, பெருங்காயம் வந்துட்டு"ன்னு. ஏதோ தாய்மாமன் ரயில்ல வந்து இறங்கின மாதிரி சொல்லுதியளே யக்கான்னு சிரிச்சா. அப்பம் முழுசா வந்துச்சா? யாரு அளந்து பாத்தா? அலமாரியில இருந்து அமோனியா பாட்டிலை எடுத்துக் கொஞ்சமே கொஞ்சம் திறக்கேன். ஏ யப்பா! கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது, மூக்குக்குள்ள ஊசி ஏத்தினாப்புல இருக்கு. இருக்கு, மூக்கு இருக்கு. சந்தோசம் ஒரு நிமிசம் தாங்கல, பாட்டிலுக்கு முத்தம் கொடுக்கலாம் போல இருக்கு. பொறவு எனக்குள்ள இருக்க வாத்திச்சி எந்திச்சு நிக்கா. அமோனியா எரியும், மணக்காது, எரியுத நரம்பு வேற, மணக்குத நரம்பு வேற, கண்ணு தெரியாதவனையும் கிள்ளினா வலிக்கத்தானே செய்யும். இதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். படிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாது. குழாயை மாத்து வடிவு, நிறைஞ்சு வழியுது.

மல்லிகைப்பூ. போன தீபாவளிக்கா, அதுக்கு முந்தியா, பூக்காரிகிட்டச் சண்டை போட்டேன், "என்ன பூ இது, மருந்தடிச்சு மருந்தடிச்சு வாசமே இல்ல"ன்னு. அவளும் ஆமாம்மான்னா. மார்க்கெட்ல கொத்தமல்லியைக் கசக்கி மோந்து பாத்துட்டு, இப்பம் வாற தழையெல்லாம் புல்லு மாதிரி இருக்குன்னேன், கடைக்காரரும் ஆமாங்கார், பக்கத்துல நின்ன பென்சன்காரரும் ஆமாங்கார், ஹைபிரிட்ங்கார், உரம்ங்கார், அந்தக் காலத்துல நாலு வீடு தள்ளி மணக்கும்ங்கார். நாங்க மூணு பேரும் சேந்து நாட்டையே திட்டிட்டு வந்தோம். இதுல என்ன கஷ்டம்னா, அம்பது தாண்டின அத்தனை பேரும் இதைத்தான் சொல்லுதாங்க. முந்தி மாதிரி எதுவும் மணக்கலைன்னு. அப்பம் எல்லாருக்குமா வந்திருக்கு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனா எங்க அப்பாவும் இதைத்தான் சொன்னாங்க. சங்கரன்கோவில்ல கூட்டுறவு பேங்குல வேலை, காப்பின்னா உயிரு, கொட்டையை வறுத்து அரைச்சு வாங்கிட்டு வாற பையை மடியில வச்சுக்கிட்டே பஸ்ல வருவாங்க. திடீர்னு ஒரு வருசம், காப்பி சரியில்லன்னு ஆரம்பிச்சாங்க. சிக்கரியைக் கொட்டுதான் திருட்டுப்பயன்னு கடையை மாத்தினாங்க. அடுத்த கடையும் திருட்டுப்பய. அடுத்தவனும். அம்மா, "ஊர்ல இருக்க செட்டி பூராம் திருடனாயிட்டானா, உங்க நாக்குதான் செத்துப்போச்சு"ம்பா. ஒரு நாள் தம்ளரைத் தூக்கி முத்தத்துல வீசினாங்க. கோவக்கார மனுசன்னு நாங்க ஒதுங்கிக்கிட்டோம். ரொம்ப வருசம் கழிச்சு இடது கை பெருவிரல் தானா உருட்ட ஆரம்பிச்சுது, ஆள்காட்டி விரல் மேல, பீடி சுத்துத மாதிரி. வாழ்க்கையில ஒரு பீடி சுத்தினதில்ல. அப்பமும் காப்பியையும் விரலையும் யாரும் சேத்துப் பாக்கல, நான் உள்பட. நான் சேத்துப் பாத்தது அவங்க போன பொறவு, ஏதோ ஒரு கட்டுரையை வாசிக்கும்போது, ரயில்ல. அந்தக் காப்பிக்கடைக்காரங்க எல்லாரும் நல்லவங்க. வருத்தமா இருக்கு, ஆனா தூரத்துல இருக்கு, அடுத்த தெருவுல யாரோ அழுகுத மாதிரி. கையை நீட்டிப் பாக்கேன். நடுங்கல. விரலை விரிச்சு மேல ஒரு காகிதத்தை வச்சுப் பாக்கேன். காகிதம் ஆடல. ஃபேன் காத்துல கொஞ்சம் ஆடுது. ஃபேனை நிறுத்திட்டு வச்சுப் பாக்கேன். ஆடல. வடிவு, உனக்கு வெக்கமா இல்லையா.

கல்யாண வீட்டுக்குப் போனா சும்மா விடமாட்டாங்க. என்ன ஆராய்ச்சி செய்யுதிய, நரம்புக்கு மருந்தா, இயற்கையா, இங்கிலீஷ் மருந்தான்னு கேப்பாங்க, பந்தியில அவியலா பச்சடியான்னு கேக்காப்புல. ரெண்டும்பேன். முகம் வாடிப்போகும். என் வீட்டுக்காரரோட சித்தப்பா மகன் தினம் காலையில வல்லாரைப் படம் ஒண்ணு போனுக்கு அனுப்புதார், கீழ வணக்கம் போட்டு. நடுக்குவாதத்துக்குக் கொடுக்குத மருந்து லெவோடோபா, பூனைக்காலி விதைக்குள்ள இருக்க லெவோடோபாவும், பட்டையில அடைச்சு விக்கானே அந்த மாத்திரைக்குள்ள இருக்க லெவோடோபாவும் ஒண்ணுதான் அத்தான், மூளை யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்காதுன்னு சொன்னேன். அதெப்படி, இது இயற்கைலாங்கார். நாங்க எலிக்கு அந்த நோயை வரவைக்கப் போடுத ஊசி மருந்து இருக்கே, அதுவும் இயற்கைதான், ஒரு செடியோட வேரு, மீன் பிடிக்க ஆத்துல கலக்குத விஷம். இதைச் சொன்னா சாப்பாடு இறங்காதுன்னு விட்டுட்டேன். இப்பம் இந்தக் குழாய்ல நான் தேடுதது லெவோடோபா இல்ல, அதை எடுத்த பொறவு மிச்சம் நிக்க என்னமோ ஒண்ணு. விதை அதை வச்சிருக்கு, எதுக்கு வச்சிருக்குன்னு விதைக்குத்தான் தெரியும். அதே மாதிரி ஒண்ணை வேதியியல்காரங்க மேல்மாடியில உக்காந்து செஞ்சு கொடுத்திருக்காங்க. ஒரு கூட்டம் எலிக்கு விதைச்சாறு, ஒரு கூட்டத்துக்கு மேல்மாடிச் சரக்கு, ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணி. கூண்டுல சிவப்பு, மஞ்சள், நீலம்னு நூல் கட்டியிருக்கு, எந்த நூல் எதுன்னு எஸ்தருக்கு மட்டும்தான் தெரியும். நான் கேக்கவும் மாட்டேன், அவ சொல்லவும் மாட்டா. மஞ்சள் நூலு கொஞ்சம் சுறுசுறுப்பா ஓடுத மாதிரி இருக்கு. சந்தோசப்பட்டிரக் கூடாது, மஞ்சளு வெறும் தண்ணியா இருந்தாலும் இருக்கும். அப்படியே நல்லதா இருந்தாலும், எலி முடிஞ்சு, பெரிய மிருகம் முடிஞ்சு, மனுசன் முடிஞ்சு, மருந்துக்கடைக்கு வாறதுக்குள்ள என் கை ஆடி ஓஞ்சிரும். இத்தனை வருசம் இதை யாருக்குச் செஞ்சேன்? அப்பாவுக்குன்னு சொல்லிக்கிட்டேன், அப்பா போனபொறவு ஆரம்பிச்ச வேலை. பொதுவா, மனுச குலத்துக்குன்னு. இப்பம் மட்டும், சீக்கிரம் விழுந்து தொலையேன்னு சொட்டைப் பாத்துக் கோவம் வருது. அது அவசரப்படாது. குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டா வேகமா விழும், ஆனா மஞ்சள் வளையமும் பழுப்பு வளையமும் கலந்து ஒண்ணுக்கும் ஆகாமப் போயிரும்.

எலிகளுக்கு நாங்க மூக்கு பாக்கது பிஸ்கட்டை வச்சுத்தான். பட்டினி போட்டு, கூண்டுல மரத்தூளை நிரப்பி, அடியில ஒரு துண்டு பிஸ்கட்டைப் புதைச்சு விடுவோம். நல்ல எலி நேரா போயிக் கிண்டி எடுத்துரும். நோய் எலி எல்லா இடத்தையும் கிண்டும். பாவமா இருக்காது பாக்க, அதுதான் ஆச்சரியம். ரொம்ப மும்முரமா, நம்பிக்கையா, தெரிஞ்ச மாதிரியே கிண்டும். போன வருசம் ஒரு மாசம் பூரா நோய் எலிகளும் டக்கு டக்குனு எடுத்துச்சு. மதார் தலைகால் புரியாம ஓடி வந்தான், "மேடம், மருந்து வேலை செய்யுது மேடம்"னு. எஸ்தர் ஜெபமே பண்ணிட்டா. நான் போயி நின்னு பாத்தேன். மதார் பிஸ்கட்டைப் புதைக்கான், ஒவ்வொரு தடவையும் வலது மூலையில. அவனுக்கே தெரியாம. வலது கைக்காரன், குனிஞ்சா கை அங்கனதான் போகுது. "ஏல மதாரு, அது மோந்து எடுக்கல, உன்னையப் படிச்சு எடுக்கு"ன்னேன். அந்த மாசக் கணக்கு எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னேன். அழுகாத குறை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு வேற ஒரு குத்துக் குத்தினேன். பொறவு அவன்தான் மூலையைச் சீட்டுப் போட்டு எடுக்கப் பழகினான், வெறும் மரத்தூள் கூண்டும் ஒண்ணு இடையில வைக்கப் பழகினான். கழுதைக்குத் தெரியுமா. இந்தப் பழமொழி இன்னைக்குப் பல்லுல மாட்டின நாரு மாதிரி போக மாட்டேங்கு. கற்பூரம் கடைசியா எப்பம் மணந்துச்சு? வெள்ளிக்கிழமை கோயில்ல தட்டை ஒத்திக்கிட்டேன். சூடு தெரிஞ்சுது. வெளிச்சம் தெரிஞ்சுது. மணந்துச்சா? மணந்துச்சுன்னுதான் நினைச்சேன், மணக்கும்னு தெரியும்கதுனால. சரி, அப்பம் நம்ம சாப்பாட்டு விளையாட்டு? நேத்து வரைக்கும் நான்தானே ஜெயிச்சேன்? டப்பா மூடியை ஒரு கீத்து திறந்து, மேல துண்டைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு மோந்து சொல்லணும், தொடக்கூடாது. எலி மூக்கைச் சோதிக்குத கூட்டத்துக்கு மூக்காலதான் விளையாட்டு. என்னைய இதுவரை யாரும் தோக்கடிச்சதில்ல. நேத்து பேச்சிமுத்து டப்பாவுல பழைய மீன்குழம்புன்னேன், சரியாப்போச்சு. திங்கக்கிழமை அவர் வீட்டுல மீன், செவ்வாக்கிழமை அதுவேதான். எஸ்தருக்குத் தவக்காலம், கவுச்சி கிடையாது, புளிச்சோறோ தக்காளிச்சோறோ, ரெண்டுல ஒண்ணு, காலையில அவ தக்காளி விலையைப் பத்திப் பேசினா தக்காளி. மதாரு முந்தின நாள் என்ன சொல்லுதானோ அது. அட. குழாய் நிறைஞ்சு வழியுது, நான் மாத்தல. நான் வலது மூலைக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கேன்.

சாப்பாட்டு நேரம் ஆச்சு, துண்டு மேசையில விரிச்சாச்சு. கை கழுவிட்டு வந்து உக்காந்தாச்சு. வரமாட்டேன், தலைவலின்னு சொல்லியிருக்கலாம். ஆனா சொன்னா எஸ்தர் தைலம் எடுத்துக்கிட்டு வருவா, அதுவும் எரியத்தான் செய்யும். "மேடம், இன்னைக்கு உங்க மகுடத்தைப் பறிக்கோம்"ங்கான் மதார். மேலப்பாளையத்துல இருந்து அக்கா வந்திருக்கா, உம்மா கறி எடுக்கச் சொன்னாங்கன்னு நேத்தே வாயை விட்டவன். எனக்குச் சிரிப்பு வருது, பயமும் வருது, ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வருது. கண்ணை மூடிக் குனியுதேன். துண்டுக்குக் கீழ மதார் டப்பா. ஒண்ணும் இல்ல. காத்து உள்ள போகுது, வெளிய வருது, வேற ஒண்ணும் இல்ல. மணம் இல்லாத இடம் இருட்டு மாதிரி இருக்கும்னு நினைச்சிருந்தேன், அப்படிக்கூட இல்ல. நேத்தும் இப்படித்தான் இருந்திருக்கும், நேத்து நான் கவனிக்கல. "கறிக் குருமா. தேங்கா கூட. உங்க அக்கா கைப்பக்குவம்"ங்கேன், நல்லா ராகம் போட்டு. மதார் வெடிச்சுச் சிரிக்கான், மேசையைத் தட்டுதான், பேச்சிமுத்துக்குப் புரை ஏறுது. கண்ணைத் திறக்கேன். துண்டை உருவிட்டான். கழுவித் துடைச்ச வெறும் டப்பா, பளபளன்னு. "வெறும் கூண்டு இல்லாம ஒரு சோதனையும் சோதனை இல்லைன்னு நீங்கதானே மேடம் சொன்னிய! அக்காவுக்குக் குருமாவே செய்யத் தெரியாது மேடம்!" நானும் சிரிக்கேன். நல்லாவே சிரிக்கேன், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. "வெறும் டப்பான்னு தெரிஞ்சே வேணும்னு சொன்னேம்ல"ங்கேன். பதில் சட்டுன்னு வருது. நல்ல பதில். பேச்சிமுத்து தலையை ஆட்டிக்கிட்டு டப்பாவைத் திறக்கார். எஸ்தர் சிரிக்கல.

எஸ்தர் கையில சோத்தைப் பிசைஞ்சபடி என்னையப் பாக்கா. என்னைய இல்ல, என் மூக்கை. எலியைப் பாக்கும்போது அவளுக்கு வாற பார்வை அது, அன்பும் இருக்காது, இரக்கமும் இருக்காது, சும்மா பாக்கது, எனக்குப் பிடிச்ச பார்வை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "யக்கா, காலையில அது சிந்தினப்ப..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்துதா. மதார் சிரிப்பு அப்படியே இறங்குது. அவனும் படிச்சவன்தானே. "மேடம், நான் சும்மா விளையாட்டுக்கு..."ங்கான். சாப்பிடுல, சோறு ஆறுதுங்கேன். எஸ்தர் கையைக் கழுவிட்டு எந்திக்கா. "ஒரு தடவை பாத்தது கணக்குல சேராதுன்னு நீங்கதானே சொல்லுவிய. இன்னொரு தடவை வைக்கட்டுமா?" வேண்டாம்னு சொல்ல வாய் வருது. வீட்டுக்குப் போகணும்னு இருக்கு, வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணும் சொல்லாம சும்மா பக்கத்துல உக்காந்து டிவி பாக்கணும்னு இருக்கு. "வை"ங்கேன். "எதை வைக்கேன்னு முகத்துல காட்டாத. வெறும் டப்பாவான்னும் சொல்லாத." அவ மருந்துச்சரக்கு அலமாரிப் பக்கம் போறா. செருப்புச் சத்தம் கேக்கு. ஒரு ஜாடி மூடி திருகுத சத்தம் கேக்கு, கீழ்த் தட்டு, அந்தப் பக்கம்தான் கிராம்பு, ஓமம், பெருங்காயம் எல்லாம். நான் கண்ணை மூடிட்டேன். டப்பாவை மேசையில வைக்கா, துண்டைப் போடுதா. டப்பா மேசையில லேசா தட்டுது. குனியுதேன். உள்ள இழுக்கேன். இன்னும் இழுக்கேன். எஸ்தரை எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை வெறும் டப்பாவை வைக்க மாட்டா, அவளால முடியாது. எனக்குச் சுலபமா இருக்கட்டும்னு ஒண்ணை எடுத்திருப்பா, முன்ன ஒரு தடவை எனக்குத் திரும்பி வந்ததையே எடுத்திருப்பா. பேரு நாக்கு நுனியில நிக்கு. சொன்னா சரியா இருக்கும். அவ கட்டிப்பிடிச்சுக்கிடுவா, மதாரு கை தட்டுவான், சாயங்காலம் நான் வீட்டுக்குப் போறப்ப பூ வாங்கிட்டுப் போவேன். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. "சொல்லுங்க யக்கா"ங்கா எஸ்தர். பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. "எனக்கு ஒண்ணும் மணக்கலட்டி"ங்கேன். அவ துண்டை எடுக்கா. பெருங்காயம்தான்.